ஆறும் கிணறும்
(நாமக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சு ஒரு மாணவியின் கேள்வியிலிருந்து பிறந்தது. நான் ஆங்கில இலக்கியம் கற்பித்துவந்த நாட்களில், மார்க் ட்வைன் எழுதிய ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை ஒரு வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். வீட்டைவிட்டு ஓடிவந்த வெள்ளைக்காரச் சிறுவன் ஹக், எஜமானியிடமிருந்து தப்பி ஓடிவந்த கறுப்பின அடிமை ஜிம், இருவரும் மிசிசிப்பி ஆற்றில் ஒரு தெப்பத்தில் போகிறார்கள் என்று சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்களா சார்?”

“ஆமாம்மா. ஜிம் சமைக்கிறான். ஹக் சாப்பிடுகிறான். பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.”

“அப்பறம் என்னங்க சார் பிரச்சினை?”

வகுப்பு அமைதியானது. மணி அடித்துவிட்டது. அன்று அவளுக்கு நான் தகுந்த பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இவ்வளவு ஆண்டு கழித்து உங்கள் முன்னால் சொல்ல முயல்கிறேன். அதற்கு அந்த அமெரிக்க நாவலோடு நம் மண்ணின் நாவல் ஒன்றையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டாங்காட்டில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய ‘கூளமாதாரி’தான் அது.

கோணிப்போன மனசாட்சி

‘ஹக்கிள்பெரி ஃபின்’ இங்கிலாந்தில் 1884 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1885 பிப்ரவரியிலும் வெளிவந்தது. அமெரிக்காவில் அடிமைமுறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. இருபது ஆண்டுக்கு முன் செத்துப்போன ஒன்றைப் பற்றி ட்வைன் ஏன் எழுத வேண்டும்? சட்டம் செத்ததே தவிர, அந்தச் சட்டத்தை நியாயம் என்று நம்பிய மனம் சாகவில்லை. அந்த மனம் எப்படி உருவாகிறது என்பதை ஒரு சிறுவனுக்குள் புகுந்து பார்ப்பதுதான் ட்வைன் செய்த வேலை.

ஜிம்மின் எஜமானி மிஸ் வாட்சன். அவனை 800 டாலருக்குத் தெற்கே நியூ ஆர்லியன்ஸுக்கு விற்கப்போவதாக அவள் பேசியது ஜிம் காதில் விழுகிறது. அவன் ஓடுகிறான். தீவொன்றில் ஹக்கைச் சந்திக்கிறான். ஓஹையோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ என்ற ஊரை அடைந்துவிட்டால் அங்கிருந்து அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்குப் போய்விடலாம். போய், உழைத்து, காசு சேர்த்து, முதலில் மனைவியை விலைக்கு வாங்குவேன், பிறகு இருவரும் உழைத்துப் பிள்ளைகளை வாங்குவோம், விற்க மறுத்தால் ஆள் வைத்துத் திருடிவருவோம் என்கிறான் ஜிம்.

இதைக் கேட்ட ஹக் நடுங்கிப்போகிறான். அவன் நடுக்கத்துக்கான காரணத்தைக் கவனியுங்கள். தனக்கு ஒரு தீங்கும் செய்யாத யாரோ ஒரு மனிதருக்குச் சொந்தமான பிள்ளைகளை இவன் திருடப்போகிறானே, அதற்கு நான் துணைபோகிறேனே என்பதுதான் அந்தச் சிறுவனின் குற்ற உணர்ச்சி. பெற்றவன் தன் பிள்ளைகளைக் கேட்பது களவாகவும் அவர்களை விற்கிறவன் உடைமைக்காரனாகவும் தெரிகிறது. இந்தக் கணக்கை அவன் பிறக்கும்போதே கொண்டுவரவில்லை. பெரியவர்களும் ஊரும் சேர்ந்து கற்றுக்கொடுத்த கணக்கு அது.

ட்வைன் பின்னாளில் தன் குறிப்பேட்டில் இந்த நாவலைப் பற்றி, நல்ல நெஞ்சும் கோணிப்போன மனசாட்சியும் மோதி மனசாட்சி தோற்கும் கதை என்ற பொருளில் எழுதிவைத்தார். மனசாட்சி தோற்பதைப் பாராட்டும் நாவல் உலகில் அரிது. மனசாட்சிப்படி நட என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த மனசாட்சியையே ஊர் கெடுத்து வைத்திருந்தால் பிள்ளை என்ன செய்யும் என்று ட்வைன் கேட்டார்.

கதையின் உச்சம் ஒரு கடிதம். கூடவந்த மோசடிக்காரன் ஒருவன் ஜிம்மை 40 டாலருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். ஜிம் இருக்குமிடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்கு ஹக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல் மனம் லேசாகிறது. பிறகு தெப்பத்தின் இரவுகள் நினைவுக்கு வருகின்றன. தன் காவல்முறை முடிந்தும் ஹக்கை எழுப்பாமல் அவன் முறைக்கும் ஜிம்மே விழித்திருந்தது நினைவுக்கு வருகிறது. நரகத்துக்குப் போனாலும் சரி என்று கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான். தான் செய்வது பாவம் என்று நம்பிக்கொண்டே அவன் அந்த அறத்தைச் செய்கிறான்.

பம்பாயில் ஓர் அறை

இந்த நாவல் வெளிவந்து பதினோராண்டு கழித்து, 1896 ஜனவரியில், மார்க் ட்வைன் பம்பாயில் வந்திறங்கினார். தங்கிய விடுதியில் பால்கனிக் கதவில் ஏதோ பழுது. மண்டியிட்டு அதைச் சரிசெய்துகொண்டிருந்தார் ஓர் இந்தியப் பணியாள். அவர் செய்த வேலை பிடிக்காத ஜெர்மானியர் ஒருவர் என்ன குறை என்றுகூடச் சொல்லாமல் அவர் தாடையில் ஓர் அறை விட்டார். பணியாள் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை, முகமும் மாறவில்லை.

அந்த ஓர் அறை தன்னை ஐம்பதாண்டு பின்னால் மிசௌரி மாநிலத்துச் சிறுவயதுக்கே கொண்டுபோய்விட்டது என்று ட்வைன் தன் பயண நூலில் எழுதுகிறார். தமக்கு வேண்டியதை அடிமைகளுக்கு அங்கே இப்படித்தான் புரியவைத்தார்கள், நல்லவரான தன் தந்தையும் வீட்டு அடிமைச் சிறுவனை அவ்வப்போது அடித்ததுண்டு என்றும் அதைத் தான் இயல்பென்றே நினைத்து வளர்ந்ததாகவும் சொல்கிறார். அந்தப் பயணத்தின் முடிவில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, சென்னையில் ஒரு நாள் தங்கி, இலங்கைக்குப் போனார். நம் ஊர்ப்பக்கம் அவர் வரவில்லை. வந்திருந்தால் இன்னும் பல அறைகள் அவருக்கு மிசௌரியை நினைவூட்டியிருக்கும்.

மேட்டாங்காட்டுப் பிள்ளைகள்

‘கூளமாதாரி’ 2000இல் வெளிவந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இங்கேயும் சட்டம் வந்து இருபத்துநான்கு ஆண்டு கழித்துத்தான் நாவல் வருகிறது.

கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி. எல்லாம் உடம்பை வைத்து இட்ட பெயர்கள். அருந்ததியர் வளவிலிருந்து வந்து கவுண்டர்களின் பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் இவர்கள். பெற்றோர் பட்ட கடனுக்காகக் கூளையன் பண்ணயத்தில் விடப்பட்டிருக்கிறான். அவன் மேய்க்கும் ஆடுகள் கவுண்டருடையவை. இரவில் அவன் படுப்பது ஆட்டுப்பட்டியில். கவுண்டர் மகன் செல்வன் இந்தக் கூட்டத்தில் வந்து கலக்கிறான்.

மேய்ச்சல் காட்டில் இந்தப் பிள்ளைகளின் உலகம் எவ்வளவு விரிந்தது என்பதை வாசித்தால்தான் தெரியும். பனைமரம், நுங்கு, கிழங்கு, ஆடுகளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள், விளையாட்டு, சண்டை, கதை. துன்பத்தை மட்டும் காட்டி நம்மிடம் இரக்கம் கேட்கும் நாவலல்ல அது. அந்தப் பிள்ளைகளுக்கு மகிழத் தெரியும், தந்திரம் தெரியும், காட்டின் ஒவ்வொரு செடியும் தெரியும். ஜிம்முக்கு ஆறு தெரிந்ததுபோல.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். தெப்பத்தில் ஹக்கும் ஜிம்மும் சேர்ந்து சாப்பிட முடிந்தது எதனால்? அங்கே ஊர் இல்லை. பகலில் தெப்பத்தை மறைத்துவைத்து இரவில்தான் நகர்கிறார்கள். கரையிலிருந்து யாரும் பார்க்கவில்லை. மேய்ச்சல் காடும் ஒரு தெப்பம்தான். ஊர்க்கண் படாத அந்த நேரத்தில் ஒரு நுங்கை இருவர் பிய்த்துத் தின்னலாம். பொழுது சாய்ந்து ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டிவந்த பிறகு ஒருவன் வீட்டுக்குள் போவான், மற்றவன் வாசலுக்கு வெளியே நின்று தன் போசியை நீட்டுவான்.

இராசிபுரத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் காட்டிலும் ஆடு மேய்க்க ஒரு பையன் இருந்தான். என் வயதுதான். அவனோடுதான் நான் கிணற்றில் நீச்சல் பழகினேன். ஒரு கோடை நாளில் தண்ணீர் கேட்டான். வாசல் திண்ணையில் இருந்த செம்பை எடுத்து நான்தான் கையில் கொடுத்தேன். அவன் குடிக்கும்போது வீட்டுப் பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள். செம்பைத் தொட்டதற்காக அவனுக்கு அடி விழுந்தது. நான் கொடுத்தேன் என்று நானும் சொல்லவில்லை, இவன் கொடுத்தான் என்று அவனும் சொல்லவில்லை. அவன் பேசாதது பயத்தால். நான் பேசாததும் பயத்தால்தான் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பயமல்ல. பேசாமலிருந்தால் எனக்கு எதுவும் ஆகாது என்ற அறிவு. பத்து வயதுக்குள் அந்த அறிவு எனக்கு வந்துவிட்டிருந்தது. செல்வனை வாசிக்கும்போதெல்லாம் அந்தச் செம்பு என் கையில் கனக்கிறது.

ஆறு எட்டாத காடு

இரண்டு நாவல்களிலும் தண்ணீர் உண்டு. அமெரிக்க நாவலில் அது ஓடும் ஆறு. மூடுபனியில் கெய்ரோவைத் தவறவிட்ட பிறகு அந்த ஆறு ஜிம்மை அடிமைமுறை இன்னும் கொடியதாக இருந்த தெற்குக்குத்தான் கொண்டுபோகிறது. ஆனாலும் ஓடுகிற தண்ணீர் என்பதால் போவதற்கு ஓரிடம் உண்டு என்ற நம்பிக்கை மிஞ்சுகிறது.

காவிரி நம் மாவட்ட எல்லையை ஒட்டி ஓடினாலும் மேட்டாங்காட்டுக்கு அது எட்டுவதில்லை. நம் நாவலின் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். மண்ணையும் பாறையையும் குடைந்து ஆழத்தில் ஊறவைத்த தண்ணீர். அதற்குச் சொந்தக்காரர் உண்டு. அது எங்கும் போகாது. தேங்காய் திருடியதற்குத் தண்டனையாகக் கூளையனைத் தலைகீழாகக் கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிடுகிறார் பண்ணயக்காரர். கூளையனுக்குத் தப்பியோட வட மாநிலம் இல்லை. ஓடினால் வளவுக்குத்தான் ஓட வேண்டும். வளவும் அதே ஊரில், அதே கடனில் இருக்கிறது.

நாவல் முடிவதும் கிணற்றில்தான். கூளையனும் செல்வனும் தண்ணீருக்குள் இருக்கிறார்கள். அங்கே நடப்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களே வாசித்து அந்த இறுக்கத்தைத் தாங்க வேண்டும். கடிதத்தைக் கிழிக்கும் ஹக்கைப் போல ஒரு செல்வனை ஆசிரியர் நமக்குத் தரவில்லை. அப்படிப்பட்ட சிறுவனை இந்த மண்ணில் அவர் கண்டிருக்க மாட்டார். இல்லாததை எழுதி நம்மை ஆறுதல்படுத்த அவர் விரும்பவில்லை என்றே கொள்கிறேன்.

மன்னிப்பு என்னும் சோதனை

மூடுபனியில் ஹக்கும் ஜிம்மும் பிரிந்து மீண்டும் சேரும்போது, பிரிந்ததே கனவு என்று சொல்லி ஜிம்மை ஹக் ஏமாற்றுகிறான். உண்மை தெரிந்ததும் ஜிம் சத்தம்போடவில்லை. உன்னை இழந்துவிட்டேன் என்று நெஞ்சு உடைந்திருந்தேன், நீ திரும்பியதும் உன் காலை முத்தமிட்டிருப்பேன், நீயோ என்னை முட்டாளாக்க நினைத்தாய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான். ஓர் அடிமையின் முன் தலைகுனிய ஹக்குக்குக் கால்மணி நேரம் பிடிக்கிறது. ஆனால் போய் மன்னிப்புக் கேட்கிறான். அதற்காகப் பின்னால் வருந்தவும் இல்லை.

கடிதம் கிழிக்கும் காட்சியைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். இரக்கப்படுவது மேலிருப்பவனுக்கு எளிது. மன்னிப்புக் கேட்க அவன் கீழே இறங்கிவர வேண்டும்.

ஜிம்முக்கும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. கதவைச் சாத்து என்று சொல்லியும் அசையாமல் நின்ற தன் சின்ன மகளை அவன் அடித்துவிடுகிறான். காய்ச்சலில் விழுந்து எழுந்தவள் அவள். காற்றில் கதவு பெருஞ்சத்தத்தோடு சாத்திக்கொண்டும் அவள் திரும்பிப் பார்க்காதபோதுதான் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று அவனுக்குப் புரிகிறது. தன்னை ஒருநாளும் மன்னிக்க மாட்டேன் என்று அழுகிறான். அந்த நாவலின் அளவுகோலில் மனிதனாகக்கூட எண்ணப்படாதவன்தான் அதில் எல்லோரையும்விட ஆழமாக வருந்தத் தெரிந்தவன். நம் நாவலிலும் ஒரு பெண்ணுக்குச் செவிடி என்றே பெயர். அவளைப் பண்ணயத்தில் வேலை வாங்கியவர்களில் ஜிம்மைப் போல் யாராவது ஒருவர் வருந்தியிருப்பாரா என்று என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

விளையாட்டாகிப்போன விடுதலை

‘ஹக்கிள்பெரி ஃபின்’னின் கடைசிப் பகுதி பலருக்கு உவப்பானதல்ல. அமெரிக்க இலக்கியமே இந்த நூலிலிருந்துதான் வருகிறது என்று 1935இல் எழுதிய ஹெமிங்வேகூட அந்தப் பகுதியை வாசிக்காமல் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். டாம் சாயர் என்னும் நண்பன் வருகிறான். அடைபட்டிருக்கும் ஜிம்மை மீட்க எளிய வழியிருந்தும், சாகசக் கதைகளில் படித்ததுபோல் கயிற்றேணி, எலி, பாம்பு என்று நாட்களை இழுக்கிறான். மிஸ் வாட்சன் இரண்டு மாதத்துக்கு முன்பே இறந்து, உயிலில் ஜிம்மை விடுவித்துவிட்டாள் என்பது டாமுக்கு முதலிலிருந்தே தெரியும்.

இந்தப் பகுதி தவிர்க்கக் கூடாதது என்பது என் கருத்து. பிறருடைய விடுதலை வசதியுள்ளவனுக்கு விளையாட்டுப் பொருளாகும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை. சட்டப்படி கிடைத்துவிட்ட உரிமையை உரியவர் கையில் கொடுக்காமல் இழுத்தடிப்பவர்கள் எல்லாம் டாம் சாயர்களே. 1976க்குப் பிறகும் கொங்கு நாட்டுப் பட்டிகளில் படுத்துறங்கிய பிள்ளைகளுக்கு, நீங்கள் விடுதலையடைந்துவிட்டீர்கள் என்று யார் போய்ச் சொன்னார்கள்?

யார் சொல்லும் கதை

ஹக்கின் கதையை ஹக் சொல்கிறான். ஜிம்மின் மனத்துக்குள் நாம் நுழைவதில்லை. அந்தக் குறையை நிரப்ப நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின. பெர்சிவல் எவரெட் என்னும் கறுப்பின எழுத்தாளர் இதே கதையை ஜிம்மின் வாயால் சொல்லி, 2024இல் ‘ஜேம்ஸ்’ என்ற நாவலாக வெளியிட்டார். அந்த ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதும் அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் அதற்குக் கிடைத்தன. வெள்ளையர் முன் ஒரு பேச்சும் தங்களுக்குள் வேறொரு பேச்சுமாக அடிமைகள் வாழ்வதை அதில் காண்கிறோம். கவுண்டர் முன்னால் ஒரு பேச்சு, காட்டுக்குள் வேறு பேச்சு என்று கூளையனும் அப்படித்தான் வாழ்ந்தான்.

பெருமாள்முருகன் நிலம் வைத்திருக்கும் சமூகத்தில் பிறந்தவர். ஆனால் செல்வன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்காமல், கூளையன் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்து எழுதினார். அது பெரிய காரியம். கூளையன் தானே எழுதும் நாவல்கள் இன்னும் பெரிய காரியமாக இருக்கும். 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. ஆடு மேய்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதப்போவதற்காக நாம் காத்திருக்கிறோம்.

இரண்டு எழுத்தாளர்களும் எதிர்ப்பைச் சந்தித்தவர்கள். ‘ஹக்கிள்பெரி ஃபின்’ வெளிவந்த அதே 1885இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்ட் ஊர்ப் பொது நூலகம் அதை விலக்கிவைத்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பட்டபாடு இந்த ஊருக்குத் தெரியும். 2015 ஜனவரி 12 அன்று அந்த நாவலுக்கு எழுந்த எதிர்ப்பைத் தணிக்க இதே நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய சமாதானக் கூட்டமும், 2016 ஜூலை 5 அன்று எழுத்தாளரின் உரிமையைக் காத்துச் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் வரலாற்றில் பதிந்துவிட்டவை.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ட்வைனின் நாவலில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 2011இல் அந்தச் சொல்லை மாற்றி ஒரு பதிப்பே வந்தது. நம் நாவலிலும் சாதிச் சொற்கள் வருகின்றன. அந்தச் சொல்லால் அடிபட்ட பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். சொல்லை நூலிலிருந்து நீக்குவது உண்மையை நீக்குவதாகும். ஆனால் சத்தமாக வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். அந்தச் சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று நின்று விளக்குங்கள்.

கரையில் நிற்கும் ஊர்

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான். அங்கே கறுப்பினப் பெண் சமைத்ததை வெள்ளைக் குடும்பம் உண்டது, அவள் பாலைக் குடித்து வெள்ளைக் குழந்தைகள் வளர்ந்தன. அப்படி வளர்த்தவளையே நாளை சந்தையில் விற்கவும் முடிந்தது. அங்கே மனிதன் சொத்து. இங்கே மனிதன் தீட்டு. பூட்டுகள்தான் வேறு வேறு. சமைத்ததை உண்டவர்கள் சமைத்தவளைச் சரிசமமாக அருகில் உட்காரவைக்க மட்டும் அங்கேயும் ஒப்பவில்லை. அடிமைமுறை ஒழிந்து 95 ஆண்டு கழித்து, 1960 பிப்ரவரி 1 அன்று, கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் நால்வர் ஒரு கடையின் உணவு மேசையில் வெள்ளையருக்கான இருக்கையில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று நீ கேட்டது சரியான கேள்விதான் அம்மா. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஊர் பார்க்கும்போதும் சாப்பிடுகிறார்களா?

ஓர் இரவு துப்பாக்கியோடு இருவர் படகில் வந்து, தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா கறுப்பனா என்று ஹக்கிடம் கேட்கிறார்கள். அதுவரை காட்டிக்கொடுக்கத்தான் நினைத்திருந்தான். அந்தக் கணத்தில் வெள்ளையன் என்று சொல்லிக் காப்பாற்றிவிடுகிறான். அங்கேதான் அவனும் ஜிம்மும் உண்மையாக ஒரு தட்டில் உண்டார்கள். என் வாழ்வில் அந்தப் படகு வந்த நாளில், செம்பைக் கொடுத்தது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒன்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டு நாவல்களையும் ஒரே பருவத்தில், அடுத்தடுத்து, பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுங்கள். பிள்ளைப் பருவத்திலேயே மனசாட்சி நேராகவோ கோணலாகவோ படிந்துவிடுகிறது. யார் வீட்டில் சாப்பிடலாம், யார் கையில் தண்ணீர் வாங்கலாம் என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கை இன்றே நிறுத்துவோம். உங்கள் மகன் தன் நண்பனை அழைத்துவந்தால் வீட்டுக்குள் உட்காரவைத்து, வாசல் கதவைத் திறந்தே வைத்து, சோறு போடுங்கள்.